ஒத்த வரி மாத்த பதினோரு நாள்

கடைப்பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா நம்ப மாட்டீங்க, அதனால சொல்லலை. இந்தப் பதிவு 2024 கோடையில இருந்தே டிராஃப்ட்ல தூங்கிட்டிருந்தது. அப்ப எழுதியிருந்தா கோபத்துல நாலு பேரைத் திட்டியிருப்பேன். இப்ப கோபம் ஆறிடுச்சு. சொல்ல வேண்டிய விஷயம் மட்டும் அப்படியே இருக்கு.

தலைப்பைப் பார்த்து கவிதைன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது ஃபர்ம்வேர் பத்தின பதிவு. (அட, ஓடாதீங்க! கோடு ஒரு வரி கூட போட மாட்டேன்.)

ஃபர்ம்வேர்னா பெரிய விஷயம் இல்லை. வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு, கரண்ட் மீட்டர், பைக் ஸ்பீடோமீட்டர் எல்லாத்துக்குள்ளயும் ஒரு சின்ன சிப் இருக்கு. அதுக்குள்ள ஏத்தி வெச்சிருக்கிற புரோகிராம்தான் ஃபர்ம்வேர். நம்ம பொட்டியில தப்பு நடந்தா ஒரு எர்ரர் மெசேஜ் வரும், திட்டிக்கிட்டே ரீஸ்டார்ட் பண்ணுவோம். இங்க அப்படி இல்லை. ரிலே தானா அடிக்கும். ஓடக்கூடாத மோட்டார் ஓடும்.

இன்னொரு விஷயத்தையும் முதல்லயே சொல்லிடறேன். அந்தச் சிப்புக்குள்ள போறதுல நான் எழுதுறது கொஞ்சம்தான். மீதியெல்லாம் டூல்கிட்ல இருந்து வருது. சிப் கம்பெனி கொடுக்கிற லைப்ரரி, சிப்போட ரெஜிஸ்டர் விவரம் இருக்கிற ஹெடர் ஃபைல்கள், சி மொழியோட அடிப்படை லைப்ரரி, நெட்வொர்க் மாதிரி வேலைகளுக்கு வெளியார் எழுதின துண்டுகள், இது அத்தனையையும் அரைச்சு ஒண்ணாக்குற கம்பைலர். இவ்வளவும் சேர்ந்ததுதான் டூல்கிட். இதுல எது ஒண்ணு மாறினாலும் வெளியே வர்ற ஃபர்ம்வேர் மாறும். நான் எழுதின வரி ஒண்ணு கூட மாறாம இருந்தாலும் மாறும். வீட்ல அதே அம்மா, அதே கிரைண்டர், ஆனா அரிசி வேற கடை. இட்லி கல்லா வருதில்ல? அதே கதைதான்.

சரி, கொசுவத்தி சுத்துவோம்.



2018-ல கோயம்புத்தூர் பக்கம் ஒரு சின்ன பட்டறைக்கு பம்ப்செட் கன்ட்ரோலர் ஒண்ணுக்கு ஃபர்ம்வேர் எழுதிக் கொடுத்தேன். சனி ஞாயிறு வேலை. போர்ல தண்ணி இல்லைன்னா மோட்டாரை நிறுத்தணும், ரெண்டு மணி நேரம் தண்ணி ஊற விட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கணும், விவசாயிக்கு எஸ்எம்எஸ் அனுப்பணும். அவ்வளவுதான். நல்லா ஓடுச்சு. பட்டறைக்காரர் அஞ்சு வருஷம் ஒரு போன் கூட பண்ணலை. நம்ம தொழில்ல இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

2024 மே மாசம் போன் வந்துச்சு. ரெண்டு தோட்டத்துல மோட்டார் காயில் போயிடுச்சு. ரெண்டு இடத்துலயும் நம்ம பொட்டிதான். மோட்டார் ரெண்டு மணி நேரமா ஆன், ஆஃப், ஆன், ஆஃப்னு அடிச்சுக்கிட்டே இருந்ததாம்.

கோடைப் படிச்சுப் பார்த்ததும் அரை மணி நேரத்துல தப்பு தெரிஞ்சுடுச்சு. என் தப்புதான். சிப்புக்குள்ள மில்லிசெகண்டை எண்ணிக்கிட்டே இருக்கிற ஒரு கவுண்டர் இருக்கு. 32 பிட் அளவு. 49 நாள் 17 மணி நேரம் ஆனதும் நிரம்பி, மறுபடி பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். "இப்ப நேரம் + ரெண்டு மணி நேரம்"னு கூட்டி வெச்சுக்கிட்டு, அந்த நேரம் தாண்டிடுச்சான்னு பார்க்கிற மாதிரி நான் எழுதியிருந்தேன். கவுண்டர் நிரம்புறதுக்கு முந்தின ரெண்டு மணி நேரத்துல இந்தக் கூட்டல் வழிஞ்சு ஒரு குட்டி எண்ணாயிடும். உடனே "நேரம் தாண்டிடுச்சு, மோட்டாரைப் போடு"ன்னு முடிவு பண்ணிடும். தண்ணி இல்லைன்னு இருபது செகண்ட்ல நிறுத்தும், அடுத்த நொடி மறுபடி போடும். காயில் என்ன ஆகும்?

இந்த வியாதி எனக்கு மட்டும் வந்ததில்லை, ஹிஹி. விண்டோஸ் 95-ம் 98-ம் 49.7 நாள் விடாம ஓடினா தொங்கிடும்ங்கிறது பிரசித்தம். போயிங் 787-ல ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக்குள்ள இருந்த ஒரு கவுண்டர் 248 நாள்ல நிரம்பி மின்சாரமே போகலாம்னு அமெரிக்க விமானத் துறை 2015-ல உத்தரவு போட்டுச்சு. பெரிய இடத்துலயே இருக்குன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

இத்தனை வருஷம் ஏன் தெரியலைன்னு கேப்பீங்க. நம்ம ஊர் கரண்ட் கட் காப்பாத்திடுச்சு! 49 நாள் விடாம கரண்ட் இருந்தாத்தானே கவுண்டர் நிரம்பும்? 2023-ல பட்டறைக்காரர், கரண்ட் போனாலும் எஸ்எம்எஸ் போகட்டும்னு உள்ள ஒரு பேட்டரி வெச்சுட்டார். நல்ல எண்ணம்தான். பொட்டி அதுக்கப்புறம் ரீசெட்டே ஆகலை.

திருத்தம் ஒரே வரி. கூட்டலைக் கழித்தலா மாத்தணும். "சாயங்காலம் அனுப்பிடறேங்க"ன்னு சொல்லிட்டேன்.

அனுப்பினது பன்னிரண்டாவது நாள்.



நடந்தது இதுதான். நான் எழுதின கோடு பத்திரமா இருந்துச்சு. ஆனா அதைக் கட்டுன டூல்கிட் இருந்த லேப்டாப் 2021-லயே ஹார்ட் டிஸ்க் போய் செத்துப் போச்சு. எந்த வெர்ஷன்னு ரீட்மீ ஃபைலைத் திறந்து பார்த்தேன். 2018-ல என் கையால எழுதி வெச்சிருக்கேன்: "லேட்டஸ்ட் எஸ்டிகே இன்ஸ்டால் செய்யவும்."

ஙே!

லேட்டஸ்ட்டாம். எந்த வருஷத்து லேட்டஸ்ட்டு? இதை எழுதின ஆளை அறையலாம்னா அது நானாப் போயிட்டேன்.

சிப் கம்பெனி தளத்துக்குப் போனா (பேர் வேண்டாம், நல்ல கம்பெனிதான்) பழைய எஸ்டிகே லிங்க் எல்லாம் புது டூல்கிட்டோட விளம்பரப் பக்கத்துக்குப் போகுது. கணக்கு ஆரம்பிச்சு, மின்னஞ்சல் உறுதி பண்ணி உள்ள போனா கடைசி மூணு வெர்ஷன் மட்டும்தான் இருக்கு. சரி, புதுசுலயே கட்டிடலாம்னு உட்கார்ந்தேன். நானூத்திச் சொச்சம் எர்ரர். ஃபங்ஷன் பேர் மாறியிருக்கு, சிலதுக்கு உள்ளே கொடுக்கிற விவரம் மாறியிருக்கு, ஒரு மாட்யூல் முழுசா காணாமப் போயிருக்கு. நாலு ராத்திரி முழிச்சு எல்லாத்தையும் சரி பண்ணி கம்பைல் பண்ணினேன். எர்ரர் பூஜ்யம். தங்கமணி கூட "முடிஞ்சுதா? இனிமேலாவது தூங்குவீங்களா?"ன்னு கேட்டாங்க.

பட்டறைல டெஸ்ட் பெஞ்சுல வெச்சு கரண்ட் கொடுத்ததும் "டக்"னு ஒரு சத்தம். மோட்டாரை எடுத்து விடற கான்டாக்டர், யாரும் சொல்லாமலே, ஒரு கண் சிமிட்டுற நேரம் உள்ள போய் வெளிய வந்துச்சு. புது லைப்ரரியில பின்களை ஆரம்பத்துல அமைக்கிற வரிசை மாறியிருந்தது. பழசுல பூட் ஆகும்போது அந்தப் பின் அமைதியா இருக்கும். புதுசுல ஒரு நொடிக்கும் கம்மியான நேரம் உயர்ந்து இறங்குது. கம்பைலர் இதைச் சொல்லாது, சொல்லவும் முடியாது. பெஞ்சுல மோட்டார் இல்லை, சத்தத்தோட போச்சு. கிணத்துக்குள்ள யாராவது பைப் கழட்டிக்கிட்டு இருக்கும்போது இந்த "டக்" கேட்டிருந்தா?

புது டூல்கிட்டை அந்த நிமிஷமே தூக்கிப் போட்டுட்டேன். ஆறு வருஷம் வயல்ல ஓடி நிரூபிச்ச ஃபர்ம்வேர்ல ஒரு வரி மாத்தணும்னா, மாறுறது அந்த ஒரு வரி மட்டுமா இருக்கணும். அதுக்குப் பழைய டூல்கிட்தான் வேணும். அச்சு அசலா அதே.

2018-ல எங்கூட வேலை பார்த்த தம்பி இப்ப வேற ஊர்ல, வேற வேலையில. போன் பண்ணினேன்.

"அந்தப் பழைய லேப்டாப் இருக்கா தம்பி?"

"பொள்ளாச்சில ஊட்ல இருக்குதுங்ணா. தங்கச்சி படிக்கறதுக்கு வெச்சிருக்குது. டி டிரைவ்ல நம்ம ஃபோல்டர் எதையும் அழிக்காதேன்னு சொல்லியிருக்கேனுங்ணா."

பஸ் புடிச்சு பொள்ளாச்சி போனேன். அந்தத் தங்கச்சி எனக்கு ஒரு டம்ளர் காபியும், கீபோர்டுல ரெண்டு எழுத்து இல்லாத லேப்டாப்பும் கொடுத்துச்சு. டி டிரைவ்ல சீரியல் ஃபோல்டர்களுக்கு நடுவுல இருந்துச்சு, முழு டூல்கிட், இன்ஸ்டாலர் ஜிப்போட.

அங்கயே உட்கார்ந்து 2018 கோடை ஒரு எழுத்தும் மாத்தாம கட்டினேன். பட்டறையில இருந்து கொண்டு போயிருந்த அசல் ஹெக்ஸ் ஃபைலோட ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே இடத்துல சில எழுத்துதான் வித்தியாசம், கட்டின தேதியும் நேரமும். நானே பெருமைக்கு உள்ள சேர்த்து வெச்சிருந்தது. மத்தபடி முழுசும் ஒண்ணு. அந்த நிமிஷம் வந்த நிம்மதி இருக்கே, பத்தாவது ரிசல்ட் பார்த்தப்ப கூட வரலை.

அப்புறம் என்ன, ஒரு வரியை மாத்தினேன். 49 நாள் காத்திருக்காம கவுண்டரை நிரம்புறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியில இருந்து ஆரம்பிக்க வெச்சுப் பார்த்தேன். பழைய ஃபர்ம்வேர்ல மோட்டார் அடிச்சுக்கிச்சு. புதுசுல அமைதி. அதுக்கப்புறம்தான் அனுப்பினேன்.

பட்டறைக்காரர் திட்டலை. "ஏனுங் தம்பி, ஒத்த வரி மாத்தறதுக்குப் பதினோரு நாளுங்களா?"ன்னு மட்டும் கேட்டார். இந்தப் பதிவு அவருக்கு நான் சொல்லாம விட்ட பதில்.



இந்த டூல்கிட்டை எல்லாம் எப்படி வெளியிடறாங்கன்னு பார்த்தா, சுமாரா நாலு வகை.

ஒண்ணு, எல்லாத்தையும் ஒரே ஜிப்பாக் கட்டிக் கொடுக்கிறது. நார்டிக் கம்பெனியோட என்ஆர்எஃப்5 எஸ்டிகே இப்படித்தான். லைப்ரரி, உதாரணங்கள், ப்ளூடூத் ஸ்டாக் எல்லாம் உள்ள. நம்ம ப்ராஜெக்ட்டை உதாரண ஃபோல்டருக்கு நடுவுலயே வெச்சு வளர்க்கணும், வெளிய எடுத்தா பாதை எல்லாம் உடையும்னு அப்ப நாங்க எல்லாரும் கிண்டலடிப்போம். ஆனா ஒரு நல்லது. ஒரு பென்டிரைவ்ல போட்டு பீரோவுல வெச்சா பத்து வருஷம் கழிச்சும் அதேதான். கம்பைலர் மட்டும் அதுல வராது. 2021-ல வந்த 17.1.0-வோட அந்த வரிசை நின்னு, ஸெஃபிர் அடிப்படையிலான வேற டூல்கிட்டுக்கு அவங்க போயிட்டாங்க.

ரெண்டு, கோடை எழுதிக் கொடுக்கிற மென்பொருளோட வர்றது. எஸ்டி கம்பெனியோட க்யூப்எம்எக்ஸ் மாதிரி. மவுஸால டிக் பண்ணினா ஆரம்பக் கோடை அதுவே எழுதித் தரும். அது காட்டுற ரெண்டு கமென்ட்டுக்கு நடுவுல நாம எழுதினது மட்டும் அடுத்த தடவை மிஞ்சும். வெளிய எழுதினா, கோவிந்தா. 2014-ல இவங்க பழைய ஸ்டாண்டர்ட் பெரிஃபெரல் லைப்ரரியை விட்டு ஹால் லைப்ரரிக்கு மாறினாங்க. பழசுல எழுதினதை மாத்துறது கிட்டத்தட்ட திருப்பி எழுதுற மாதிரிதான்.

மூணு, பேக்கேஜ் மேனேஜர். ஆர்டுயினோ 1.6.2-ல, 2015-ல, லைப்ரரி மேனேஜரும் போர்டு மேனேஜரும் வந்துச்சு. ஒரு கிளிக்ல எதுவும் வரும். இதுல அழகான விஷயம் ஒண்ணு இருக்கு. போர்டு பட்டியல்ல ஒவ்வொரு வெர்ஷனுக்கும் எந்தக் கம்பைலர், எந்த வெர்ஷன், ஃபைலோட செக்சம் என்னன்னு எழுதியே வெச்சிருப்பாங்க. போர்டு வெர்ஷனைப் பிடிச்சு வெச்சா கம்பைலரும் கூடவே வந்துடும். அதே சமயம், ப்ளாட்ஃபார்ம்ஐஓ மாதிரி இடத்துல வெர்ஷன் நம்பர் போடாம பேரை மட்டும் எழுதினா, புதுப் பொட்டியில அன்னிக்கு என்ன கிடைக்குதோ அதுதான் இறங்கும். என் ரீட்மீயோட மெஷின் வடிவம்னு வெச்சுக்கங்க.

நாலு, கிட் களஞ்சியமும் ஒரு பட்டியலும். ஸெஃபிர்ல வெஸ்ட்னு ஒரு கருவி, ஒவ்வொரு துண்டும் எந்தக் கமிட்ல இருக்கணும்னு ஒரு ஃபைல்ல எழுதி வெச்சு அதே மாதிரி இறக்கும். எஸ்பிரெஸ்ஸிஃபோட ஐடிஎஃப்-லயும் தேவையான கம்பைலர் வெர்ஷனும் அதோட செக்சமும் டூல்கிட்டுக்குள்ளயே இருக்கும். என் கணக்குல இதுதான் இருக்கிறதுலயே நாணயமான முறை. ஒரே குறை, எல்லாம் இண்டர்நெட்ல பல இடத்துல சிதறிக் கிடக்கும். அத்தனை இடமும் பத்து வருஷம் கழிச்சும் இருக்கும்னு நம்பணும். ஆர்ம் சிப்புகளுக்கான ஜிஎன்யு கம்பைலரையே எடுத்துக்குங்க. முதல்ல லாஞ்ச்பேட் தளத்துல இருந்துச்சு, அப்புறம் ஆர்ம் கம்பெனியோட தளத்துக்குப் போச்சு, 2022-ல பேரும் வெர்ஷன் எண் போடுற முறையுமே மாறிடுச்சு. யார் மேலயும் தப்பில்லை. வீடு மாறுறது சகஜம். ஆனா பழைய விலாசத்தை மட்டும் குறிச்சு வெச்சவன் கதி?



இப்ப என் கருத்து. (இதுவரைக்கும் வந்ததே பெரிய விஷயம், இன்னும் கொஞ்சம்தான்.)

வெப்சைட்காரங்க, ஆப்காரங்களோட பழக்கத்தை ஃபர்ம்வேர் உலகம் அப்படியே காப்பியடிக்குது. அங்க புதுசுதான் உசத்தி. தினமும் மாத்தலாம், தப்பானா மத்தியானம் திருத்தலாம். சுவத்துல மாட்டின கரண்ட் மீட்டரும் தோட்டத்துல மாட்டின மோட்டார் பொட்டியும் பத்துப் பதினஞ்சு வருஷம் அங்கயே இருக்கும். டூல்கிட் எவ்வளவு புதுசுங்கிறது இங்க ரெண்டாம்பட்சம். அன்னிக்குக் கட்டின அதே பொருளை இன்னிக்கும் கட்ட முடியுமாங்கிறதுதான் முதல் கேள்வி. அதுக்கு வழி பண்ணாத வெளியீட்டை நான் முழு வெளியீடுன்னு ஒத்துக்க மாட்டேன்.

டூல்கிட் வெளியிடறவங்க கிட்ட நான் கேட்கிறது அஞ்சுதான்.

1. பழசை அழிக்காதீங்க. சப்போர்ட் கிடையாதுன்னு சிவப்பு எழுத்துல எழுதுங்க, தேடலுக்கு வராம கூட வைங்க, ஆனா இருக்கட்டும். ஆர்டுயினோ தளத்துல பழைய வெளியீடுகளுக்குன்னே ஒரு பக்கம் இருக்கு. மத்தவங்களுக்கு ஏன் முடியாது?

2. கம்பைலரையும் சேர்த்து ஒரு நம்பர் கொடுங்க. லைப்ரரி ஒரு நம்பர், ஐடிஇ ஒரு நம்பர், கம்பைலர் ஒரு நம்பர், இதுல எது எதோட சேரும்னு கண்டுபிடிக்கிறது ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரி இருக்கு.

3. நம்பருக்கு மரியாதை வேணும். பழைய கோடு உடையும்னா பெரிய எண் மாறட்டும், என்ன உடையுதுன்னு எழுதியும் கொடுங்க. உடைக்கவே கூடாதுன்னு சொல்லலை. ஆர்டுயினோ 1.0 வந்தப்ப, 2011-ல, ஃபைல் நீட்சியில இருந்து ஹெடர் பேர் வரைக்கும் மாத்தினாங்க. எத்தனையோ லைப்ரரி உடைஞ்சுது. ஆனா 1.0-ங்கிற நம்பரே எச்சரிக்கை மணி. இஎஸ்பி32-க்கான ஆர்டுயினோ கோர் 2024-ல 3.0 ஆனப்பவும் பிடபிள்யூஎம், டைமர் ஃபங்ஷன்கள் மாறுச்சு. கூடவே எதை எப்படி மாத்தணும்னு வழிகாட்டியும் போட்டாங்க. இது நேர்மை. கடைசிப் புள்ளிக்கு அப்புறம் வர்ற குட்டி எண்ணை மட்டும் ஏத்திட்டு பின்னோட ஆரம்ப நிலையை மாத்துறது அடாவடி.

4. கடைசித் தேதியை முதல்லயே சொல்லுங்க. ஐடிஎஃப்-ல ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 30 மாசம்னு எழுதியே வெச்சிருக்காங்க. ஸெஃபிர் 3.7, 2024 ஜூலையில வந்த நீண்ட கால வெளியீடு, அதுக்கு அஞ்சு வருஷம். 30 மாசம் என் பம்ப்செட்டுக்குப் போதாதுதான். ஆனா தேதி தெரிஞ்சா திட்டம் போடலாம். தெரியாமலே இருக்கிறதுதான் கொடுமை.

5. உள்ள என்ன இருக்குன்னு பட்டியல் கொடுங்க. பல எஸ்டிகேக்குள்ள ஃப்ரீஆர்டிஓஎஸ், எல்டபிள்யூஐபி மாதிரி வெளியார் கோடு இருக்கும். அதுல கம்பெனி கொஞ்சம் கை வெச்சிருக்கும். எந்த வெர்ஷன்ல இருந்து எடுத்தது, என்ன மாத்தினதுன்னு சில சமயம் எங்கயுமே இருக்காது.

அஞ்சாவது ஏன் முக்கியம்னு ஒரு கதை. 2020 ஜூன்ல ஜெருசலேம்ல இருக்கிற ஜேஎஸ்ஓஎஃப்-ங்கிற பாதுகாப்பு ஆய்வுக் குழு, ட்ரெக் கம்பெனியோட நெட்வொர்க் லைப்ரரியில 19 ஓட்டைகளை வெளியிட்டாங்க. ரிப்பிள்20-னு பேர் வெச்சாங்க. பிரிண்டர்ல இருந்து மருத்துவக் கருவி வரைக்கும் அந்த லைப்ரரி உள்ள இருந்துச்சு. ஓட்டையை அடைக்கிறதைவிட, யார் யார் பொருள்ல அந்த லைப்ரரி இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான் பெரும்பாடா போச்சு. ட்ரெக் 1990-கள்ல ஜப்பான்ல எல்மிக்ங்கிற கம்பெனியோட சேர்ந்து வேலை செஞ்சு, அப்புறம் பிரிஞ்சுது. ஆசியாவுல அதே கோடு காசாகோங்கிற பேர்ல வித்துக்கிட்டிருந்தது. கை மாறி, பேர் மாறி, யாரோ ஒருத்தரோட எஸ்டிகேக்குள்ள போய், கடைசியில பொருளைச் செஞ்சவனுக்கே தன் பொருளுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாத நிலைமை.

இங்கதான் எனக்கு வழக்கமா வர்ற எதிர்க் கேள்வி நிக்குது. "பழைய டூல்கிட்டையே கட்டிக்கிட்டு அழு, ஓட்டை இருந்தா என்ன பண்ணுவ?" நியாயமான கேள்வி. நெட்ல இருக்கிற பொருளை ஆறு வருஷம் அப்டேட் பண்ணாம விட்டா ஆபத்துதான், மறுக்கலை. ஆனா பழசை வெச்சுக்கிறது வேற, பழசுலயே நிக்கிறது வேற. பழசைக் கட்ட முடிஞ்சவனால்தான் ஓட்டை இருக்கிற துண்டை மட்டும் மாத்தி, வேற எதுவும் மாறலைன்னு காட்ட முடியும். கட்டவே முடியாதவன் ரெண்டுல ஒண்ணு செய்வான். ஓட்டையோட விட்டுடுவான், இல்லை மொத்தத்தையும் புதுசுக்கு மாத்தி ஒரு "டக்"கை வாங்கிக்குவான்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் வருது. ஐரோப்பிய ஒன்றியத்தோட சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பர் 10 அமலுக்கு வந்துச்சு. அதோட முக்கியமான கடமைகள் கட்டாயமாகிற தேதி 2027 டிசம்பர் 11. அங்க விக்கிற பொருளுக்குள்ள என்னென்ன மென்பொருள் இருக்குன்னு பட்டியல் வெச்சிருக்கணும், பொதுவா குறைஞ்சது அஞ்சு வருஷம் பாதுகாப்புத் திருத்தம் கொடுக்கணும். நம்ம பக்கத்துல இருந்து அங்க ஏத்துமதி பண்ற பட்டறைகளும் இதுக்கு உட்பட்டவைதான். அஞ்சு வருஷம் திருத்தம் கொடுக்கணும்னா அஞ்சு வருஷம் கழிச்சும் கட்டத் தெரியணும். "பொள்ளாச்சித் தங்கச்சி லேப்டாப்ல இருக்கு"ன்னு அதிகாரிகிட்ட சொல்ல முடியாது :-)



ஊருக்கு உபதேசம் போதும். நான் திருந்தினது என்னன்னும் சொல்லிடறேன்.

ஒரு பொருள் வெளிய போற அன்னிக்கு டூல்கிட் மொத்தத்தையும், இன்ஸ்டாலர் ஜிப் உட்பட, கோடோட சேர்த்து ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல போடறேன். ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு பொருளுக்குச் சொந்தக்காரர் கிட்ட. டிஸ்க் இன்னிக்கு மலிவு, காயில் கட்டுற கூலி மலிவில்லை. லைசென்ஸ் சர்வரைக் கேட்கிற கம்பைலரா இருந்தா முடிஞ்சவரைக்கும் தொடறதில்லை. சர்வர் போச்சுன்னா ஜிப் இருந்தும் பிரயோஜனமில்லை. எல்லா வெர்ஷனையும் முழு நம்பரோட எழுதறேன். தேதி, நேரத்தை ஃபர்ம்வேருக்குள்ள வைக்கிற பெருமையை விட்டுட்டேன். கட்டாயம் வேணும்னா ஜிசிசி 7-ல இருந்து தேதியை வெளியில இருந்து நிலையா கொடுக்க வழி இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜை லீவுல, சுத்தமான ஒரு பொட்டியில பழைய ப்ராஜெக்ட் ஒண்ணை எடுத்துக் கட்டி, வெளிய போன ஹெக்ஸோட பைட்டுக்கு பைட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நாம கருவிக்குப் பொட்டு வைக்கிற நாள்தானே அது.

அந்த ரீட்மீயை நான் அழிக்கலை. "லேட்டஸ்ட்"ங்கிற வார்த்தையை மட்டும் அடிச்சுட்டு பக்கத்துல நம்பரை எழுதியிருக்கேன். பொள்ளாச்சித் தங்கச்சிக்குப் புது கீபோர்டு ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு மோட்டாருக்கும் காயில் கட்டின காசுல பாதி நான் கொடுத்தேன். பட்டறைக்காரர் வேண்டாம்னு தான் சொன்னார். தப்பு என்னதுங்க.

இதே மாதிரி பழைய டூல்கிட்டைத் தேடி அலைஞ்ச கதை உங்ககிட்டயும் இருக்கும். பின்னூட்டத்துல கொட்டுங்க. "எங்க ஆபீஸ்ல இதெல்லாம் ஒழுங்கா இருக்கு"ன்னு சொல்றவங்க இருந்தா, முதல்ல 2018 ப்ராஜெக்ட் ஒண்ணை எடுத்து இன்னிக்குக் கட்டிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.

டிஸ்கி: இது நான் பார்த்த வரைக்குமான கருத்து. சிப் கம்பெனி நண்பர்கள் யாராவது படிச்சா கோவிச்சுக்காதீங்க. உங்க சிப் நல்ல சிப். பழைய ஜிப்பையும் கொஞ்சம் அங்கயே வெச்சிருங்க, அவ்வளவுதான்.